பட்டமரத்து மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும்

இராயப்பன் மரத்திலிருந்து விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் அவன் தன் மனைவி இசபெல்லிடம் பேசியதெல்லாம் இரண்டொரு சொற்கள்தான். தண்ணி. போதும். கதவச் சாத்து. அவ்வளவுதான்.

இறம்பொடைக்கு மேலே இருந்த பால்மலைத் தோட்டத்தில், கீழ்க்கணக்குப் பிரிவில், மரமேறுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு மரங்களின் கிளைகளை மழைக்கு முன்னால் வெட்டி இறக்குவது அவன் வேலை. எழுபத்தெட்டாம் ஆண்டு மே மாதம், ஈரக் கிளையொன்றில் கால் வழுக்கி முப்பதடி கீழே வந்து விழுந்தான். இடுப்பெலும்பும் இடது தொடையும் முறிந்தன. நுவரெலியா ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் படுக்கையில் கிடந்துவிட்டு வந்தவன், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தன் காம்பராவின் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கால் ஓரளவு கூடிவிட்டது, கம்பை ஊன்றிக் கொஞ்சங்கொஞ்சமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவன் கம்பைத் தொடவே இல்லை. கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளையில்லை. காலையில் இசபெல் கொழுந்தெடுக்கப் போனால் அவன் தனியேதான் கிடப்பான்.

தை மாதம் மழை விட்டு நல்ல வெயில் அடிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் இசபெல், அவன் வேண்டாமென்று முனகியதைக் காதில் வாங்காமல், கட்டிலை அவனோடு சேர்த்து இழுத்து முன் திண்ணையான இஸ்தோப்பில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பகல் முழுக்க அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. கோபத்தில் சாப்பிடாமல் கிடப்பானோ என்று பயந்தபடி நாலரை மணிக்கு வந்து பார்த்தால், சட்டி காலியாக இருந்தது. அவன் முகம் சுவரைப் பார்த்து இல்லை.

"அந்தப் பட்டமரத்தப் பாரு" என்றான். "அதுல அஞ்சு பேரு இருக்காங்க."

அவளுக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. லயத்துக்குப் பக்கவாட்டில், கோடிக் காம்பராவில் இருந்த கந்தப்பனின் மரக்கறித் தோட்டத்து வேலி ஓரமாக ஒரு காய்ந்த சவுக்கு மரம் நின்றது. நாலு வருடத்துக்கு முன்னால் இராயப்பனே அதன் அடியைச் சுற்றிப் பட்டையை உரித்துக் காயவிட்டிருந்தான். பிறகு யாரும் வந்து வெட்டவில்லை. அதன் உடம்பெல்லாம் பொந்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முதுகில் குங்குமத்தைக் கொட்டியதுபோல் இருந்த ஒரு மரங்கொத்தி மரத்தைச் சுற்றி ஏறிப் போய், ஒரு பொந்துக்குள் தலையை நுழைத்துக் காணாமல் போனது.

"மேல் பொந்துல படுக்கிறது பெரியவரு. கொண்டை முழுக்கச் செவப்பு, பாத்தியா? பொம்பளைக்குக் கறுப்புக் கொண்டை, வெள்ளப் புள்ளி போட்டிருக்கும். மத்த மூணும் அதுக புள்ளைக போல, போன வருசத்துப் புள்ளைக. ஒண்ணுக்கு வால்ல ஒரு எறகு இல்ல."

இசபெல் கூடையை இறக்கி வைக்கவும் மறந்து நின்றாள். அவன் பேசிக்கொண்டே போனான். ஆற்றோரத்து மரங்களில் மூன்று பேர் உள்ள வேறொரு கூட்டம் இருக்கிறதாம். அவர்கள் கீழ்வீட்டார். இவர்கள் மேல்வீட்டார். காலையில் பனி விலகியதும் கீழ்வீட்டார் வந்தார்கள். பெரிய சண்டை நடந்ததாம்.

"கொத்திக்கிட்டாங்களா?"

"இல்ல. மரத்தச் சுத்திச் சுத்தித் தொரத்துறாங்க. ரெக்கைய விரிக்கிறாங்க, தலைய ஆட்டுறாங்க, கத்துறாங்க. ஆம்பள ஆம்பளையத்தான் தொரத்துது, பொம்பள பொம்பளையத்தான். ஒரு சொட்டு ரத்தம் இல்ல."

அன்றைக்கு அவள் உப்பில்லாமல் குழம்பு வைத்தாள். இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து லயத்தில் ஒரு புகைச்சல் கிளம்பியது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த யாழ்ப்பாணத்து டீச்சர், பாதையில் நின்று தூரக்கண்ணாடியை வைத்துக்கொண்டு லயத்துக் காம்பராக்களை எட்டிப் பார்க்கிறாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கந்தப்பனின் மனைவி பேச்சியம்மாவுக்குத்தான் அதிகக் கோபம். "நாங்க குளிக்கிறதையும் உடுத்துறதையும் பாக்கவா கெவர்மெண்டு இவள அனுப்பிச்சிருக்கு? நீ கேளுடி இசபெல்லு, ஒன் வீட்டுப் பக்கந்தான் நிக்கிறா."

மறுநாள் இசபெல் போய்க் கேட்டாள். டீச்சரின் பெயர் செல்வமலர். முப்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். கேள்வியைக் கேட்டதும் முகம் கறுத்துப்போனது.

"ஐயோ, நான் உங்கட வீடுகளைப் பாக்கேல்லை. அந்தப் பட்ட மரத்தைத்தான் பாக்கிறன். அதில மரங்கொத்தியள் இருக்குது, தெரியுமே?"

"அஞ்சு பேரு இருக்காங்க டீச்சர். மேல் பொந்துல பெரியவரு. வால்ல எறகு இல்லாதது மூணாவது பொந்து. கீழருந்து மூணு பேரு சண்டைக்கு வருவாங்க."

செல்வமலர் அவளையே பார்த்தாள். "உங்களுக்கு உது எப்பிடித் தெரியும்?"

"எனக்கு எங்க தெரியும். எங்க வீட்டுக்காரரு சொன்னாரு."

டீச்சர் அன்றைக்கே வந்தாள். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவள். மரங்கொத்திகள் சோடியாகவோ சிறு கூட்டமாகவோ திரியும் என்று புத்தகங்களில் இருக்கிறதாம். ஆனால் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தோடு எப்படி எல்லைச் சண்டை பிடிக்கிறது என்று இங்கே யாரும் உட்கார்ந்து பார்த்து எழுதியதாக அவளுக்குத் தெரியவில்லையாம். வாரத்தில் ஒரு மணி நேரம் பாதையில் நின்று பார்த்து என்னத்தை எழுதுவது? நாள் முழுக்கப் பார்க்கிற ஒருவர் இங்கேயே இருக்கிறாரே! அவள் இரும்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். இராயப்பன் பதில் சொன்னான். எட்டு மாதத்தில் தன்னிடம் பேசியதைவிட அந்த ஒரு மணி நேரத்தில் டீச்சரிடம் அவன் அதிகம் பேசியதை, அடுப்படியில் குடிக்கத் தேயிலைச் சாயம் ஊற்றிக்கொண்டே இசபெல் கேட்டாள். சந்தோஷமாக இருந்தது. தன் கோப்பையை மட்டும் அவள் அடுப்படியிலேயே வைத்துக்கொண்டாள்.

போகும்போது டீச்சர் தூரக்கண்ணாடியையும் எழுத ஒரு கொப்பியையும் விட்டுப் போனாள். "நேரம், எத்தினை பறவை, ஆர் முதல் வந்தது, ஆர் முதல் போனது. கண்டதை மட்டும் எழுதுங்கோ. நினைச்சதை வேற பக்கத்தில எழுதுங்கோ."

இராயப்பனுக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும். இசபெல் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். அதனால் அன்றிலிருந்து, அவள் மலையிலிருந்து வந்து முகம் கழுவியதும், வெளிச்சம் இருக்கும்போதே கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து எழுதுவது வழக்கமாயிற்று. அவன் மனதில் வைத்திருந்ததை வரிசையாகச் சொல்வான். பக்கத்துக் காம்பரா ரேடியோவின் நேரந்தான் அவனுக்குக் கடிகாரம்.

ஒரு நாள் இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தான். "ஏழே முக்கால். கீழ்வீட்டார் மூணு பேரும் வேலி வரைக்கும். எட்டு மணி, மேல்வீட்டார் நாலு பேரு தொரத்துனாங்க. மூணு மணி வரைக்கும் ஒண்ணுமில்ல. நாலு மணி இருவது. இசபெல்லு மலையிலருந்து எறங்குது. மத்த பொம்பளைகளுக்குப் பின்னால தனியா வருது. கால்ல முள்ளோ என்னமோ, வலது கால நொண்டுது."

எழுதிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"எழுது" என்றான் அவன். "டீச்சர் கண்டத எழுதத்தான சொன்னாங்க."

"இதெல்லாம் எதுக்குங்க? டீச்சர் சிரிக்கமாட்டாங்களா?"

"தூரக்கண்ணாடில பாத்தா ஒன் மொகம் கிட்டத் தெரியுது. எட்டொம்பது மாசமா நான் பாக்கவே இல்ல. எளச்சுட்ட." அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். "கால இங்க வை."

அவள் காலை அவன் மடியில் வைத்தாள். குதிகாலில் ஏறியிருந்த முள்ளை அவன் ஊசியால் மெதுவாகக் கிளறி எடுத்தான். அவள் அழுதாள், முள்ளுக்காக அழுததாக அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த வரியை எழுதினாள்.

மாசிக் கடைசியில் மேல்வீட்டார் குஞ்சு பொரித்தார்கள். சண்டையும் கூடியது. புழுவுக்காகத்தான் சண்டை என்பது டீச்சரின் எண்ணம். காய்ந்த மரத்தில் வண்டுப் புழு நிறைய இருக்கும் என்றாள். இராயப்பன் தலையை ஆட்டினான்.

"சாப்பாட்டுக்குன்னா சாப்பிடுவாங்களே டீச்சர். கீழ்வீட்டார் வந்தா மரத்துல ஒரு கொத்துக் கொத்துறதில்ல. நேரா பொந்துகிட்டப் போறாங்க. உள்ள தலைய விட்டுப் பாக்கிறாங்க. இது படுக்கிற எடத்துக்குச் சண்ட. இன்னொண்ணு, அவுங்க எண்ணிப் பாக்கிறாங்க."

"எண்ணுறதோ?"

"வர்ற சனிக்கெழம காலைல வாங்க. காட்டுறேன்."

சனிக்கிழமை மூவரும் இஸ்தோப்பில் உட்கார்ந்தார்கள். எட்டு மணிக்குக் கீழ்வீட்டார் வேலிவரை வந்து உட்கார்ந்து காது கொடுத்தார்கள்; மேலேயிருந்து ஐந்து குரல் வந்தது; திரும்பிப் போய்விட்டார்கள். ஒன்பதுக்கு மேல்வீட்டாரில் மூன்று பேர் ஆற்றைத் தாண்டிப் பறந்தார்கள். "இப்பப் பாருங்க" என்றான் இராயப்பன். மரத்தில் இருந்த இரண்டும் கத்தின. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கீழ்வீட்டார் மூன்று பேரும் ஒன்றாக வந்து மரத்தில் இறங்கினார்கள். ஒரு கொத்தும் கொத்தாமல் நேராகப் பொந்துகளுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள்.

டீச்சர் தூரக்கண்ணாடியைக் கீழே இறக்கினாள். "நான் பிழை. நீங்கள் சரி" என்றாள். தன் கொப்பியில் முன்பு எழுதியதை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் அவன் பெயரைப் போட்டு எழுதினாள். பெரிய படிப்புப் படித்தவள் ஒருத்தி தன் புருஷன் சொன்னதைக் கேட்டுத் தன் எழுத்தை வெட்டியதை இசபெல் அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

பங்குனித் தொடக்கத்தில் ஒரு காற்று அடித்தது. பட்டமரத்தின் உச்சிக் கிளையொன்று முறிந்து கந்தப்பனின் கூரையில் விழுந்து தகரத்தைப் பிளந்தது. உள்ளே அவனுடைய மூன்று பிள்ளைகள் படுத்திருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. மறுநாளே கந்தப்பன் தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையாவிடம் போய் மரத்தை வெட்ட உத்தரவு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

இசபெல் வேலியருகே போய் நின்றாள். "அக்கா, கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்க. அதுல குஞ்சு இருக்கு."

"ஒனக்குக் குருவிக் குஞ்சு பெருசாப் போச்சா?" என்றாள் பேச்சியம்மா. "எம் புள்ளைக தலையில விழுந்தா நீ பெத்துத் தருவியா?"

சொன்ன பிறகு பேச்சியம்மாவே வாயைப் பொத்திக்கொண்டாள். இசபெல் திரும்பி வந்தாள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி வந்தால் மற்றவள் போய்விடுவாள்.

மூன்றாம் நாள் மாலை கந்தப்பனே வந்தான். இஸ்தோப்பில் ஏறாமல் வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, மரத்தப் பத்தி இந்தக் கணக்குலயே ஒங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது. நீங்க சொல்லுங்க. மரம் நிக்கும்ன்னு சொன்னா நான் கைய வைக்கல. விழும்ன்னா வெட்டுறேன். ஒங்க பேச்சுதான்."

"காலைல சொல்றேன்" என்றான் இராயப்பன்.

அவன் போனதும் இசபெல் கட்டிலருகே உட்கார்ந்தாள். "நிக்கும்ன்னு சொல்லிடுங்க" என்றாள்.

"நிக்காது."

"அவருதான் ஒங்க பேச்ச நம்புறேன்னு சொல்றாரே."

"அதனாலதான். வேரு ஒரு பக்கம் செத்துப்போச்சு. தல பாரம். வைகாசிக் காத்துக்கு நேரா லயத்து மேலதான் வரும். நான் நிக்கும்ன்னு சொல்லி, அது விழுந்து, அந்தச் சின்னதுகளுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"மரம் போனா நீங்க திரும்பவும் செவத்தப் பாத்துப் படுத்துக்குவீங்க." அவள் குரல் உடைந்தது. "எனக்கு அந்தப் பயந்தான். குருவியப் பத்தியெல்லாம் எனக்குக் கவலையில்ல."

இராயப்பன் அவள் கையைப் பிடித்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான். "படுக்கமாட்டேன்" என்றான். "ஒன் மேல சத்தியமா படுக்கமாட்டேன்."

காலையில் கந்தப்பனைக் கூப்பிட்டுச் சொன்னான். மரம் விழும். ஆனால் அடியோடு வெட்டவேண்டாம். பாரமெல்லாம் மேலே, பொந்துகளுக்கு மேலே ஆறடி விட்டு உச்சியை மட்டும் எடுத்துவிட்டால் மீதி நிற்கும். குஞ்சுகள் பறக்க இன்னும் இரண்டு மூன்று வாரம். அதுவரை கந்தப்பனின் குடும்பம் இந்தக் காம்பராவிலேயே வந்து படுக்கட்டும். உயிர்த்த ஞாயிறு முடிந்து வெட்டலாம்.

"பக்கத்துல வந்து நின்னு பாத்தாத்தான் எங்க வெட்டுறதுன்னு சொல்ல முடியும்" என்று கடைசியாகச் சொன்னான். "என்னயத் தூக்கிக்கிட்டுப் போகணும்."

அன்று மாலையே பேச்சியம்மா பாயும் பிள்ளைகளுமாக வந்து சேர்ந்தாள். அவள் இசபெல்லின் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்படியில் நின்று, அரிசியைக் களைந்துகொண்டே, "நாக்குக்கு நெருப்ப வைக்கணும்டி எனக்கு" என்றாள். இசபெல் அவள் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டாள். மூன்று வாரம் அந்தச் சின்னக் காம்பராவில் ஏழு பேர் படுத்தெழுந்தார்கள். பிள்ளைகளில் கடைசிச் சிறுமி இசபெல்லின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்குவாள்.

இரண்டு குஞ்சுகளும் பறந்த செய்தியைப் பெரிய வியாழனன்று இசபெல் கொப்பியில் எழுதினாள். அடுத்த வாரம், கந்தப்பனும் சிவசாமியும் இராயப்பனை ஒரு நாற்காலியில் உட்கார்த்தித் தூக்கிப்போனார்கள். சிவசாமி முன்பு அவனோடு சேர்ந்து மரமேறியவன். இன்றைக்கு ஏறப்போகிறவனும் அவன்தான். லயத்துச் சனமெல்லாம் வந்து நின்றது. டீச்சர் குடையோடு ஓரமாக நின்றாள்.

இசபெல் மரத்தைப் பார்க்கவில்லை. இராயப்பனையே பார்த்தாள். சிவசாமி ஏற ஏற அவன் முகம் வெளுத்தது, உதடு உலர்ந்தது. அவன் கை பக்கவாட்டில் துழாவி அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது; விரல் நோகும்படி பிடித்தான். ஆனால் குரல் மட்டும் பழைய குரலாக இருந்தது.

"கயித்த ரெண்டு சுத்துச் சுத்து, சிவசாமி! அந்தக் கெளையில கால் வைக்காத, அது பொய்க் கெள. இன்னும் மேல. மேல. அங்கதான். ஆத்துப் பக்கம் கோடாலியப் போட்டு வாயெடு. கந்தப்பா, கயித்த இழுத்துப் பிடி!"

உச்சி பெரிய சத்தத்தோடு ஆற்றுப் பக்கமாகப் போய் விழுந்தது. சிவசாமி இறங்கி மண்ணில் கால் வைத்த பிறகுதான் இராயப்பன் அவள் கையை விட்டான். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. திரும்பும்போது நாற்காலி வேண்டாமென்றான். கந்தப்பனின் தோளில் ஒரு கையும் இசபெல்லின் தோளில் ஒரு கையுமாக, வேலியிலிருந்து இஸ்தோப்புவரை இருபது முப்பது அடியெடுத்து வைத்து நடந்தான். நடந்து முடிக்கக் கால்மணி நேரம் பிடித்தது.

அன்று மரத்துக்கு ஒரு பறவையும் வரவில்லை. மறுநாள் கீழ்வீட்டார் மூன்று பேர் வந்து பொந்துகளை எட்டிப் பார்த்து அங்கேயே படுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் விடிந்ததும் மேல்வீட்டார் குஞ்சுகளோடு ஏழு பேராக வந்தார்கள். இதுவரை பார்க்காத சண்டை. பத்து மணிவரை ஓயவில்லை. கடைசியில் கீழ்வீட்டாரில் இரண்டு பேர் ஆற்றுப்பக்கம் போய்விட்டார்கள். ஒரு பெண் பறவை மட்டும் போகவில்லை. மேல்வீட்டார் துரத்தினால் பக்கத்து மரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. நாலு நாள் துரத்தினார்கள். ஐந்தாம் நாள் யாரும் துரத்தவில்லை. சாயந்தரம் அது கடைசிப் பொந்தில் நுழைந்து படுத்துக்கொண்டது.

"ஏங்க விட்டாங்க?" என்று இசபெல் கேட்டாள்.

"தெரியல" என்றான் இராயப்பன். "தெரியலன்னு எழுது."

வைகாசிக் காற்றில் பட்டமரம் நின்றது. டீச்சருக்கு அந்த வருட நடுவில் கிளிநொச்சிப் பக்கம் மாற்றம் வந்தது. கொப்பிகளை எடுத்துப்போய், சுருக்கி எழுதி, பறவைகளைப் பற்றிய ஒரு சிறு பத்திரிகைக்கு அனுப்பினாள். அச்சான தாள்கள் கொப்பிகளோடு தபாலில் வந்தபோது, தாள்களில் மூன்று பெயர்கள் இருந்தன. தன் பெயரை ஆங்கில எழுத்தில் இசபெல்லால் வாசிக்க முடியவில்லை. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரையா விரலை வைத்துக் காட்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். டீச்சர் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள்: "முள்ளைப் பற்றிய குறிப்பை மட்டும் நான் அனுப்பவில்லை. அது உங்கள் கொப்பி, உங்களிடமே இருக்கட்டும்."

ஆவணி மாதத்தில் இராயப்பனுக்குத் தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது. தவறணைக்குப் பத்து நிமிடப் பாதை. அவனுக்குக் கம்பை ஊன்றி நடக்க முக்கால் மணி நேரம் எடுத்தது. முதல் நாள் இசபெல்லும் கூடவே நடந்தாள். மற்றப் பெண்கள் கூடையோடு அவர்களைத் தாண்டி மலைக்கு ஏறிப் போனார்கள்.

"நீ போ. பெரட்டுல பேரு கூப்புடுறதுக்குப் பிந்துனா கங்காணி கத்துவாரு" என்றான்.

"கத்தட்டும்" என்றாள் அவள்.

பாதி வழியில் அவன் மூச்சு வாங்க ஒரு கல்லில் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே பள்ளத்தாக்கில் பனி இன்னும் விலகவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அவன் எழுந்திருக்கக் கை நீட்டினான், அவள் தூக்கிவிட்டாள்.